போக மூன்று மணி, வர எட்டு மணி

எந்த ஊரையும் அவள் மைல் கணக்கில் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாம் மணிக்கணக்குதான். சிவகாசி என்றால் அரை மணி. விருதுநகர் ஒன்றேகால் மணி. சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் ஒன்றரை மணி, அங்கே மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற நேரம் தனி. அவள் புருஷன் வேலை பார்த்த ரியாத் மூன்று மணி.

"ஏர்போர்ட்டுதான் அக்கா தூரம். சவுதி பக்கந்தான்" என்பாள்.

எங்கள் எம். புதுப்பட்டியிலிருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் காரில் போனால் ஐந்து மணி நேரம். அங்கே பிளேனில் ஏறி உட்கார்ந்துவிட்டால் ரியாத்துக்கு மூன்று மணி. ஆகையால் ரோட்டைவிட ஆகாயம் சின்னது என்பது அவள் கட்சி. அதை யார் வந்து கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

அவள் பெயரை நான் எழுதவில்லை. அவளுடைய மகள் இப்போது கல்யாணமாகி நல்லபடியாக இருக்கிறாள். இது அந்தப் பிள்ளை கண்ணில் பட வேண்டாம்.

அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. என் வீட்டுக்காரரும் அவள் வீட்டுக்காரரும் அண்ணன் தம்பி முறை. எனக்கு அவளைவிடப் பதினைந்து வயது கூட இருக்கும். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். காலையில் ஒரே வேனில் ஏறி ஒரே பட்டாசுக் கம்பெனிக்குப் போவோம். காகிதக் குழாயில் திரி சொருகுவது எங்கள் வேலை. எதிரெதிரே உட்கார்ந்து சொருகுவோம். நான் வாய் திறக்காத ஆள். நாலு பேர் இருக்கிற இடத்தில் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட எனக்குக் கூச்சம். அவள் எனக்கும் சேர்த்துப் பேசுவாள். "அக்காவுக்குத் தண்ணி குடுங்க" என்று அவளே குரல் கொடுப்பாள்.

தலைக்கு மேலே எப்போதாவது பிளேன் சத்தம் கேட்கும். போர்மேன் வாசலில் நின்று கிண்டல் பண்ணுவார்.

"என்ன தாயி, ஒன் வீட்டுக்காரரு மேல போறாரு போல. கைய ஆட்டு."

"அது கொழும்புக்குப் போறதுண்ணே. ஒரு மணி நேரங்கூடக் கெடையாது. அதுக்கெல்லாம் கைய ஆட்டுனா என் திரி என்ன ஆகுறது?"

அது கொழும்புக்குப் போகிறதா வேறு எங்காவது போகிறதா, அவளுக்கும் தெரியாது, போர்மேனுக்கும் தெரியாது. ஆனால் அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் பேசாமல் போய்விடுவார்.

அந்த மூன்று மணி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அது டிக்கெட்டிலிருந்து வந்தது. அவள் புருஷன் இரண்டாம் முறை போகும்போது டிக்கெட்டை ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் ஒன்று வைத்துவிட்டுப் போனார். அவள் எட்டாவது வரை படித்தவள். நான் ஐந்தாவதோடு சரி. இரண்டு பேரும் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தோம். திருவனந்தபுரத்தில் காலை ஒன்பதுக்குக் கிளம்பும், ரியாத்தில் பன்னிரண்டுக்கு இறங்கும் என்று போட்டிருந்தது. விரலை மடக்கி "மூணு" என்றாள். கீழே திரும்பி வருகிற பிளேனின் நேரம். ரியாத்தில் பகல் ஒன்றுக்குக் கிளம்பி, திருவனந்தபுரத்துக்கு ராத்திரி ஒன்பதுக்கு வரும். மறுபடி விரலை மடக்கினாள். எட்டு.

"ஏத்தா, போக மூணு, வர எட்டா?" என்று நானே கேட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் முகம் தெளிந்துவிட்டது.

"பின்ன? போகும்போது என்னக்கா கொண்டு போறாக? ரெண்டு கைலி, ஒரு ஊறுகா பாட்டில், பருப்புப் பொடி. வரும்போது பாத்தீகள்ல? கம்பளி, இஸ்திரிப் பெட்டி, டேப்பு, சென்ட்டு, பேரீச்சம்பழம். ஒவ்வொரு ஆளும் ஒரு வீட்டையே கட்டித் தூக்கிட்டு வாராக. அம்புட்டுப் பேரு பெட்டியவும் சொமந்துக்கிட்டு அது மெல்லத்தான பறக்கும்? நம்ம கம்பெனி லாரியப் பாருங்க. வெறும் வண்டியா வர்றதுக்கும் லோடு ஏத்திட்டுப் போறதுக்கும் ஒரே நேரமா?"

எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. வேனில் வருகிற எல்லாருக்கும் சரியாகப் பட்டது. தினமும் லோடு லாரியைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் இது. பட்டாசுப் பெட்டி ஏற்றிய லாரி எப்படி முக்கிக்கொண்டு போகும் என்று எங்களுக்குத் தெரியும்.

பலசரக்குக் கடை பாய் ஒருத்தர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. விருதுநகர்க்காரர், எங்கள் ஊரில் கடை வைத்திருந்தார். வெளிநாட்டுப் போன் எல்லாம் அவர் கடைக்குத்தான் வரும். அவருடைய தம்பியும் சவுதியில் இருந்தார். ஒரு நாள் தராசை ஓரமாக வைத்துவிட்டு அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"இங்க பாருத்தா. நமக்கும் அவுகளுக்கும் ரெண்டரை மணி நேரம் வித்தியாசம். இங்கன ஒம்பதுன்னா அங்கன ஆறரைதான். டிக்கெட்டுல அந்தந்த ஊர் நேரத்தப் போட்டிருக்கான். நெசத்துல போறதுக்கும் அஞ்சரை மணி, வர்றதுக்கும் அஞ்சரை மணி."

"சூரியன் ஒண்ணுதான பாய்?"

"ஒண்ணுதான்."

"அப்பறம் எப்படி அவுகளுக்கு மட்டும் பின்னாடி வரும்? ஒங்க தம்பி கடியாரத்துக்குச் சாவி குடுக்க மறந்திருப்பாரு. போன் வந்தாச் சொல்லுங்க."

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தோம். பாயும் சிரித்துவிட்டு, "நீ சொன்னாச் சரித்தா, மூணே இருக்கட்டும்" என்று அவளுக்குச் சீனியை நிறுத்துக் கொடுத்தார்.

அவள் புருஷனை வழியனுப்ப ஒரு தடவை நானும் கூடப் போயிருக்கிறேன். வாடகைக் கார் பிடித்துப் போனோம். ஏர்போர்ட்டில் அவர் ஒருத்தரைத்தான் உள்ளே விட்டார்கள். நாங்கள் கம்பிக்கு வெளியே நின்றோம். பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். மகள் அழுதாள். அவள் அழவில்லை, கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

பிளேன் கிளம்பி மேலே போய் மறைந்த பிறகும் காருக்கு வரமாட்டேன் என்றாள்.

"எறங்கட்டும். எறங்குனதும் போவோம்."

கார்க்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "எம்மா, மூணு மணி நேரம் இங்க நிக்கவா? வெயிட்டிங் யாரு குடுக்கிறது?" என்று கேட்டார். அவள் காதில் வாங்கவில்லை. புளிசாதத்தைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தாள். அவருக்கும் கொடுத்தாள். பன்னிரண்டு அடித்ததும் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"எறங்கிட்டாக. வண்டிய எடுங்கண்ணே."

பாய் சொன்ன கணக்குப்படி பார்த்தால் அவர் அப்போது பாதிக் கடலில் போய்க்கொண்டிருந்திருப்பார். வழியெல்லாம் அவள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே வந்தாள்.

அப்புறம் ஊரில் அவளுக்கு ஒரு மரியாதை வந்தது. அது சாவு வீட்டில் வந்தது. எங்கள் பக்கத்தில் மகன் வந்து கொள்ளி வைக்காமல் எடுக்க மாட்டார்கள். மகன் வெளிநாட்டில் இருந்தால் எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று பந்தலில் ஆண்கள் கூடிக் கூடிப் பேசுவார்கள். ஐஸ் பெட்டி எத்தனை மணி நேரத்துக்குச் சொல்வது, உறவுக்காரர்களுக்கு எப்போது சாப்பாடு வைப்பது, எல்லாம் அதைப் பொறுத்தது. கீழத்தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது மகன் ரியாத்தில் இருந்தான். ஒரு மணிக்குப் பிளேன் ஏறுகிறேன் என்று போனில் சொல்லிவிட்டான். எப்போது வந்து சேருவான் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"ஒண்ணும் எட்டும் ஒம்பது" என்றாள், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று. "பெட்டி கிட்டி இருக்காது, ஒடனே வெளிய வந்துருவான். ரோட்டுல அஞ்சு. ரெண்டு மணிக்கு வந்துருவான். விடியவும் நீர்மாலைக்குத் தண்ணி எடுக்கப் போங்க. ஏழு மணிக்கு எடுத்துருங்க."

அவன் இரண்டேகாலுக்கு வந்து இறங்கினான்.

பாய் எனக்கு அதையும் விளக்கிச் சொன்னார். போனில் அவன் சொன்ன ஒரு மணி அந்த ஊர் ஒரு மணியாம். அதோடு எட்டைக் கூட்டினால் நம்மூர் நேரம் சரியாக வந்துவிடுமாம். "கணக்கு தப்பு, விடை சரியா வருது. இவ இனிமே யாரு சொல்லி நம்பப் போறா" என்றார். அதிலிருந்து சாவு வீடுகளில் அவளைக் கேட்காமல் ஐஸ் பெட்டிக்குச் சொன்னதில்லை. எம்புட்டு நேரம்த்தா, எம்புட்டு நேரம் என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவள் முன்னால் வந்து நிற்பார்கள்.

ஒரே ஒரு தரம் அவளிடம் நான் தப்பாகப் பேசிவிட்டேன். தீபாவளிக்கு அவள் புருஷன் வருவதாக இருந்து வரவில்லை. அவள் வழக்கம்போல மூன்று மணி, பக்கந்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன வந்ததோ, "அம்புட்டுப் பக்கமுன்னா வந்துட்டுப் போகலாம்ல?" என்றேன்.

திரி சொருகுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. யாரிடமும் அதிகம் பேசாத எனக்கு அவள் பேச்சும் இல்லாமல் அந்த மூன்று நாளும் காது அடைத்தமாதிரி இருந்தது. நாலாம் நாள் வேனில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பக்கத்துல இருக்காகன்னு நெனச்சாத்தான் அக்கா எனக்குச் சோறு எறங்குது. அதப் போயி நோண்டாதீக" என்றாள். அதற்குப் பிறகு நான் நோண்டவில்லை. யார் அப்படிக் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவேன்.

அதற்கு அடுத்த வருஷச் சீசனில் ஆர்டர் நெருக்கியது. வெடிமருந்து அடைக்கிற அறையில் வேலை செய்கிற பெண் ஒருத்தி வரவில்லை. போர்மேன் வந்து இவளைக் கூப்பிட்டார். "ஒரு நாளைக்குத்தான" என்று எழுந்து போனாள். வியாழக்கிழமை. சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. சத்தம் கேட்டது. கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு எது எந்தச் சத்தம் என்று தெரியும். எல்லாரும் வெளியே ஓடினோம். புகைக்குள்ளிருந்து அவள் தானாக நடந்து வந்தாள். சேலை இல்லை. நான் சாக்கை எடுத்துப் போர்த்தினேன். சாக்கு ஒட்டிக்கொண்டது.

"அக்கா, பாய் கடைக்கு ஆள் விடுங்க. அவுகளுக்குச் சொல்லச் சொல்லுங்க" என்றாள். அதுதான் முதல் பேச்சு.

சிவகாசியில் பார்த்துவிட்டு உடனே மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்குத் தாய் இல்லை. கூட நான்தான் போனேன். அவள் மகளை என் மருமகளிடம் விட்டிருந்தேன். மதுரையில் சேர்த்ததும் ஒரு ஊசி போட்டார்கள். அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். விடியும்வரை கண் திறக்கவில்லை. விடியற்காலையில் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, மத்தியானம் தாண்டாது, பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிடட்டும் என்றார்.

பாய் ராத்திரியே பஸ்ஸைப் பிடித்து வந்து சேர்ந்தார். அவரிடம் செல்போன் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ரியாத்துக்குப் போட்டு என் கையில் கொடுத்தார். நான் அதற்கு முன் செல்போனைத் தொட்டதில்லை.

"மதினி, எப்படி இருக்கா?"

போனைப் பாயிடமே நீட்டிவிட்டேன். பாய் வாங்கி டாக்டர் சொன்னதைச் சொன்னார். திரும்ப என்னிடம் கொடுத்தார். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலாளி கையெழுத்துப் போட்ட காகிதம் இல்லாமல் அந்த நாட்டை விட்டு வெளியே விடமாட்டார்கள். பாஸ்போர்ட்டும் முதலாளியிடம்தான் இருக்கிறது. அங்கே வெள்ளிக்கிழமை லீவு. ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. முதலாளி வீடு எங்கே என்று தெரியவில்லை.

"நாளைக்குத்தான் கேக்க முடியும் மதினி. நாளைக்கும் குடுப்பாகளான்னு தெரியல."

"அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

"நீங்களே சொல்லுங்க மதினி."

போன் அணைந்துவிட்டது. பாய் என் முகத்தைப் பார்த்தார். "உள்ளதச் சொல்லிருங்கம்மா. பாவம், அந்தப் பக்கமே மனச வச்சுக்கிட்டுக் கெடக்கும்" என்றார். நான் தலையை ஆட்டினேன். பெண்கள் வார்டு என்பதால் அவர் உள்ளே வரவில்லை. நான் மட்டும் போனேன்.

அவள் விழித்திருந்தாள். முகத்தில் கண் இரண்டும் மட்டும் பழையபடி இருந்தன.

"கெளம்பிட்டாகளா?"

உள்ளதைச் சொல்லத்தான் போனேன். ஒருவர் கண்ணைப் பார்த்து இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மத்தியானம்வரைதானே, அதுவரை நிம்மதியாக இருக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"ஏறிட்டாகளாம்" என்றேன்.

"எத்தன மணிக்கு?"

அவள் அதைக் கேட்பாள் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. சுவரில் கடிகாரம் இருந்தது.

"ஆறுக்கு."

கையில் கட்டு. மடக்க விரல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மனசிலேயே கூட்டினாள்.

"ஆறும் எட்டும்... ரெண்டு. பெட்டி இல்லாமத்தான வருவாக, சுருக்க வராதாக்கா?" அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். "அவுக ஒருத்தர் பெட்டி இல்லாட்டி என்ன கொறையப் போகுது. மத்தவுக பெட்டி இருக்கும்ல. ரெண்டுதான். திருவனந்தபுரத்துல இருந்து மதுரைக்கு ஆறு. எட்டு மணிக்கு வந்துருவாக."

ஏழு மணிக்கு நர்ஸ் ஊசியோடு வந்தது. அவள் வேண்டாம் என்றாள்.

"வலிக்கும்மா. போட்டாத் தூங்கிருவீங்க" என்றது நர்ஸ்.

"அதான் வேண்டாங்கேன். நேத்துப் போட்டதுல எனக்கு ஒண்ணுமே தெரியாமப் போச்சு. அவுக வரும்போது நான் முழிச்சிருக்கணும்."

"போட்டுக்க தாயி. வந்ததும் நான் எழுப்புறேன்" என்று கெஞ்சினேன்.

"எழுப்ப முடியாதுக்கா. எனக்குத் தெரியும்."

நர்ஸ் என்னைப் பார்த்தது. நான் குனிந்துகொண்டேன். அதற்கு முப்பது கட்டில் பார்க்க வேண்டும். போய்விட்டது.

அன்று பகல் எப்படிப் போனது என்று என்னால் முழுதாக எழுத முடியாது. ஈரத் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். துணியைக் கடித்தே கிழித்துவிட்டாள், வேறு துணி வைத்தேன். கத்தமாட்டாள். கத்தினால் ஊசி போட்டுவிடுவார்கள் என்று பயம். கட்டில் கம்பி மட்டும் கடகடவென்று ஆடும். அது நிற்கும்போது மணி கேட்பாள். நான் சொல்வேன். "இப்ப கடலுக்கு மேல வருவாக" என்பாள்.

பத்து மணிக்கும் ஊசி வேண்டாம் என்றுவிட்டாள். மத்தியானம் ஆனது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். சீக்கிரம் முடிந்துவிட வேண்டும் என்று நான் சாமியைக் கும்பிட்டேன். என் வீட்டில் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தவளுக்கு அப்படி வேண்டினேன். அவளோ மத்தியானத்தைத் தாண்டிவிட்டாள். எட்டு மணிவரை இருந்தே தீருவது என்று பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

பாய் வெளியிலிருந்து ஆள்விட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். அவளிடம் சொன்னேன்.

"இப்ப வேண்டாம். இந்தக் கோலத்துல தனியாப் பாத்தாப் பயந்துரும். அவுக அப்பா வரட்டும். ரெண்டு பேரும் சேந்து பாக்கட்டும்."

பாயிடம் போய் வேண்டாமாம் என்றேன். "சொல்லிட்டீகளாம்மா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன். அவருக்குப் புரிந்திருக்கும்.

இரண்டு மணிக்கு, "எறங்கிட்டாக" என்றாள். நாலு மணிக்கு, "நாகர்கோவில் தாண்டிருக்கும். டீ குடிக்க நிப்பாட்டக் கூடாதுக்கா" என்றாள். நான் சொன்ன பொய் ரோட்டில் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஊராகத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. எட்டு மணிக்கு நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. கார் பஞ்சர் என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். சொன்னால் அதற்கும் எத்தனை மணி நேரம் என்று கேட்பாள். அதுவரைக்கும் ஊசி வேண்டாம் என்பாள்.

மறுபடி கம்பி ஆடி நின்றது.

"மணி என்னக்கா?"

"அஞ்சு."

"இன்னும் மூணு." முதல் தடவையாக அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. "தாங்குவேனாக்கா?"

"தாங்க வேண்டாம் தாயி. ஊசியப் போட்டுக்க. அவுக வரல."

"லேட்டா?"

"ஏறவே இல்ல. காகிதம் கெடைக்கல. அங்கன ஆபீஸ் லீவாம்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"காலையிலயே. ஆறு மணிக்கு."

உதடு அசைந்தது. என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பதினோரு மணி நேரம்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். பந்தலில் நின்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிற அதே குரல்தான், கொஞ்சம் தேய்ந்து போயிருந்தது. அதற்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைத் திருப்பி, போகிற நர்ஸைப் பார்த்து, "ஊசி" என்றாள்.

நர்ஸ் போட்டுக்கொண்டே என்னைத் திட்டியது. "காலையிலேயே போட்டிருந்தா இம்புட்டுப் பாடு உண்டா? கூட இருக்கிறவங்க சொல்ல வேண்டாமா?" நான் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் கட்டில் கம்பி ஆடுவது நின்றது. அதற்குப் பிறகு அவள் விழிக்கவில்லை. இருட்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

சனிக்கிழமை பகலில்தான் உடம்பைக் கொடுத்தார்கள், துணியில் முழுக்கச் சுற்றி. ஊர் எல்லையில் பெரியவர்கள் நின்றார்கள். புருஷன் வருகிற வரைக்கும் நிறுத்துவதா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் என்று கணக்குச் சொல்ல ஆள் இல்லை. எரிந்த உடம்பு, நிறுத்தக் கூடாது என்று நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மகளுக்குத் துணி மூட்டையைத்தான் காட்டினார்கள். அவள், "இது அம்மான்னு எப்படித் தெரியும் பெரியம்மா?" என்று என்னைக் கேட்டாள்.

அவருக்குக் காகிதம் கிடைத்து வந்து சேர்ந்தது இருபத்து மூன்றாம் நாள். என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். ஒரு பெட்டிகூட இல்லை, ஒரு கைப்பைதான். காப்பி போட்டுக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"மதினி, நீங்கதான் கடைசிவரைக்கும் கூட இருந்தீக. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ரொம்ப வலியில கெடந்தாளா?"

"இல்ல. காலையிலயே ஊசி போட்டுட்டாக. தூங்கிக்கிட்டே போயிட்டா" என்றேன்.

அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் எடுத்து என்னைக் கும்பிட்டார்.